உம்மாவுக்குப் பிடித்த வத்தல்

மகனே, வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. தொழுதுவிட்டு வந்து படிக்கலாம் என்று சட்டைப் பையில் வைத்தேன். பொறுக்கவில்லை, தெருமுனையிலேயே நின்று பிரித்துவிட்டேன். உனக்கும் நஸீமாவுக்கும் நாள் குறித்தாகிவிட்டது, பெண் வீட்டார் கடையநல்லூரில் மண்டபம் பிடித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அதோடு நிறுத்தியிருந்தால் இந்நேரம் பஸ் ஏறி மெட்ராஸுக்கு உன்னைப் பார்க்க வந்திருப்பேன். கடைசிப் பக்கத்தில் ஒன்று கேட்டிருக்கிறாய். கல்யாணத்துக்கு மறுநாள் நம் பக்கத்தில் கொடுக்கிற வலீமா விருந்துக்கு வெளியே பண்டாரி வைக்க வேண்டாம், வாப்பாதான் சமைக்க வேண்டும், உம்மாவுக்குச் செய்துபோட்ட வெளிநாட்டு மிளகாய் வத்தல் சாப்பாடெல்லாம் அன்றைக்கு அவள் பெயரில் வைக்க வேண்டும் என்கிறாய். உம்மா கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட நிறுத்தாமல் தின்பாளே, அந்தக் கதையை நஸீமா வீட்டில் சொன்னாயாம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

அந்தக் கதையை உனக்குக் கொடுத்தவன் நான். அது பொய். உன் உம்மாவுக்கு அந்த வத்தல் எதுவும் பிடிக்கவில்லை. அவள் அழுததற்குக் காரணம் வேறு. அதை இப்போது சொல்லாவிட்டால் அறுநூறு பேர் உட்கார்ந்து தின்கிற பந்தியில் அந்தப் பொய்யை நானே கரண்டியால் அள்ளிப் பரிமாற வேண்டியிருக்கும். இதைப் படித்த பிறகு நீ என்னைக் கல்யாணத்துக்கே கூப்பிடாமல் போகலாம். அதற்குத் தயாராகித்தான் எழுத உட்கார்ந்தேன்.

உனக்கு ஆறு வயதாக இருக்கும்போது நான் சவூதிக்குப் போனேன். ஏஜெண்டு சொன்னது ஓட்டல் வேலை. போய் இறங்கியது தம்மாமுக்கு அப்பால், மணல்காட்டில், ரோடு போடுகிற கம்பெனி ஒன்றின் கேம்ப். பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள், பிறகு அடுப்பைக் காட்டினார்கள். கொரியாக்காரன், துருக்கிக்காரன், சிரியாக்காரன், பாகிஸ்தான்காரன், நம் ஆட்கள், மலையாளிகள், கொஞ்சம் அமெரிக்க இன்ஜினியர்கள். மேஸ்திரி வெயிலில் எல்லோரையும் ஒரே மாதிரித்தான் திட்டுவான், ஆனால் சாப்பாட்டு மேஜை மட்டும் தனித்தனி. ஒவ்வொருவனும் அவனவன் ஊர் வத்தலைப் பெட்டிக்குள் துணியோடு துணியாக வைத்துக் கொண்டுவந்திருப்பான். நம் ஊரில் வத்தலை முழுதாகக் கிள்ளித் தாளிப்போம், இல்லையென்றால் தூளாகத் திரிப்போம். இரண்டுக்கும் நடுவே, விரலால் அள்ளித் தூவுகிற மாதிரி ஒன்றிரண்டாக இடித்து வைப்பது ஒரு தனிச் சமையல் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

என்னோடு வேலை பார்த்த சிரியாக்காரன் அபூ யூசுப் ஹலப் ஊர்க்காரன், என் வயதுதான் இருக்கும். அவன் ஊர் வத்தலை விதை நீக்கி, உப்பும் ஜைத்தூன் என்கிற ஆலிவ் எண்ணெயும் தடவிக் காயவைப்பார்களாம். எடுத்தால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். காரம் நம் சம்பா வத்தலில் பாதிகூட இராது, உலர்ந்த பழம் மாதிரி ஒரு புளிப்பு இருக்கும். அதில் ஏற்கனவே உப்பு இருப்பது தெரியாமல் முதல் நாள் ஈரலை வறுத்து, ஒரு சட்டி முழுவதையும் குப்பையில் கொட்டினேன். கொரியாக்காரர்களுடையது ரத்தச் சிவப்பு, லேசான தித்திப்பு. முட்டைக்கோஸை உப்பில் வாட்டி, பூண்டும் அந்த வத்தலும் போட்டுப் பிசைந்து ஜாடியில் புளிக்கவைப்பார்கள். துருக்கிக்காரனுடையது கறுப்பு. பார்த்தால் பூத்துப்போனது போலிருக்கும், முகர்ந்தால் புகையும் திராட்சையும் கலந்த வாசனை. வெண்ணெயைச் சூடாக்கி அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அதைப் போட்டுப் பருப்பின்மேல் ஊற்ற வேண்டும்; தீயில் இருக்கும்போது போட்டால் மூச்சு விடுவதற்குள் கருகிக் கசந்துவிடும். பாகிஸ்தான்காரர்களுடையது விதையோடு இடித்த முரட்டு வத்தல், ஆட்டுக்கறிக்கு அதுதான். அமெரிக்கர்கள் சமையலில் சேர்க்கவே மாட்டார்கள். கண்ணாடிக் குப்பியில் வைத்துக்கொண்டு ரொட்டியின்மேல் தூவிக்கொள்வார்கள். நான் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். இரண்டு வருடத்தில் அந்த ஐந்து மேஜைக்காரனும் என்னைத்தான் கேட்டான்.

வத்தலின் அளவு கரண்டியில் இல்லை, தின்கிறவன் முகத்தில் இருக்கிறது என்று அபூ யூசுப் சொல்வான். அதனால் பரிமாறுகிற ஜன்னலில் நின்று ஒவ்வொருவன் முகமாகப் பார்ப்பேன். துருக்கிக்காரன் ஒருவன் நாலு நாளாக ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து, இவனுக்கு வயிற்றில் புண் என்று நானாகவே கண்டுபிடித்து, கேட்காமலே தயிர்ச் சோறு கொடுத்தேன். அவன் ஊருக்குப் போகும்போது என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தான். இதை உனக்கு எழுதிய கடிதத்திலேயே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பேரே தெரியாத ஒருவனின் வயிற்றை முகத்தைப் பார்த்தே படித்தவன் நான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

பன்னிரண்டு வருடத்தில் நான் ஊருக்கு வந்தது மூன்று தடவை. மற்றபடி கடிதம்தான். உன் உம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீ படித்துக் காட்டுவாய், அவள் சொல்ல நீயே பதில் எழுதுவாய். நான் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சமையல் எழுதினேன். இந்த வாரம் கறுப்பு வத்தல் போட்டுப் பருப்பு ஆணம் வைத்தேன், வந்ததும் உனக்கு வைத்துத் தருகிறேன் என்று. அங்கே மேலப்பாளையத்தில் அவள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நான் அனுப்பியது வீட்டுக்கூரைக்கும் என் தங்கைமார் கல்யாணத்துக்கும் போயிற்று. உனக்கும் அவளுக்கும் வயிறு நிறைந்தது பீடியில். காலையில் குத்தவைத்தால் சாயங்காலம் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை எழுந்திருக்க முடியாது. எழுந்தால் கணக்குக் குறையும், குறைந்தால் கடைக்காரன் கட்டைத் தூக்கி முகத்தில் எறிவான். பசியும் தூக்கமும் தெரியாமலிருக்க அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் பாக்கும் புகையிலையும் மென்றார்கள். புகையிலைத் தூள் மூச்சில் ஏறியது, பாக்கு வாயை அரித்தது. பீடி குடிக்கிறவனுக்கு இருமல் வந்தால் ஊரே புத்தி சொல்லும். சுற்றுகிறவள் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று எவன் எட்டிப் பார்த்தான்? கடைக்காரன் பார்க்கவில்லை, கம்பெனிக்காரன் பார்க்கவில்லை. பள்ளிவாசலில் முன் வரிசையில் நிற்கிற பெரிய மனிதர்களும் பார்க்கவில்லை. அவர்களில் பாதிப்பேர் வீட்டுச் சோறும் அந்த முறத்திலிருந்துதான் வந்தது.

தொண்ணூற்று மூன்றில் ஒரேயடியாக முடித்துக்கொண்டு வந்தேன். மற்றவர்கள் டேப்ரிக்கார்டரும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். நான் பெட்டியில் பாதிக்கு வத்தல் பொட்டலம் கொண்டுவந்தேன். நீ அப்போது மதுரையில் பாலிடெக்னிக் விடுதியில் இருந்தாய். வந்த முதல் வெள்ளிக்கிழமை ஹலப் வத்தல் போட்டு ஆட்டு ஈரல் வறுத்தேன். சமைத்து முடித்ததும் உன் உம்மா எனக்குப் பாய் விரித்துப் பரிமாற நின்றாள். நம் வீடுகளில் அதுதான் வழக்கம் என்று உனக்குத் தெரியும். ஆண்கள் விருந்தில் நாலு பேர் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒரு சஹனில் கை வைத்துச் சாப்பிடுவார்கள், பணக்காரன் ஏழை பேதமில்லை என்று அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். அதே வீட்டில், ஆண்கள் எல்லோரும் தின்று எழுந்த பிறகு பெண்கள் அடுக்களையில் அடிச் சட்டியைச் சுரண்டுவார்கள். எனக்கு இது எப்போதுமே ஆத்திரம். நான் ஒரு சஹனை எடுத்து நடுவில் வைத்தேன். இனிமேல் இந்த வீட்டில் நீயும் நானும் ஒரே சஹனில்தான் சாப்பிடுவோம், உட்கார் என்றேன். அவள் வெட்கப்பட்டாள், நான் பிறகு தின்கிறேன் என்றாள். நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். இந்தச் சேதி தெருவெல்லாம் பரவியது. கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் உன் வயதுப் பையன்கள் என்னைப் பெரிய சீர்திருத்தக்காரனாகப் பார்த்தார்கள், எனக்கும் அது பிடித்திருந்தது.

என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. வழக்கப்படி அவளை அடுக்களையில் விட்டிருந்தால், நான் எழுந்த பிறகு அவள் தன் பாட்டுக்கு வெறும் சோற்றில் மோரை ஊற்றிக் குடித்துவிட்டுப் பிழைத்திருப்பாள். அவள் வாய் அப்போதே வெந்துபோயிருந்தது. நான் வருவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே காரம் பட்டால் நெருப்பு. கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகி, வாய் அகலத் திறக்காது. ஒளித்துத் தின்ன அவளுக்கு இருந்த ஒரே இடம் அந்த அடுக்களை மூலை. பெண்ணுக்குச் சமமரியாதை கொடுக்கிறேன் என்று சொல்லி அந்த மூலையையும் பிடுங்கி, என் கண்ணுக்கு எதிரே, என் கை பிசைந்து கொடுக்கிற சோற்றுக்கு முன்னால் அவளை உட்காரவைத்தேன். பெண்ணுக்கு எது சமமரியாதை என்பதைக்கூட ஆண்தான் தீர்மானிக்கிறான் என்றால், அதற்கும் பழைய வழக்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

எட்டு மாதம், வெள்ளிக்கிழமை தவறாமல் சமைத்தேன். பருப்பு ஆணத்தில் கறுப்பு வத்தல் வெண்ணெய். கொரியா வத்தலும் பூண்டும் பிசைந்த முட்டைக்கோஸ். நம் சம்பா வத்தலை ஒன்றிரண்டாக இடித்து, பாகிஸ்தான் வத்தலோடு சரிக்குச் சரி கலந்து, நல்லெண்ணெயில் வதக்கிய ஆட்டுக்கறி. அவள் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, இடது கையால் முந்தானையை வாய்க்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு, ஒதுக்கி ஒதுக்கித் தின்பாள். கண்ணிலிருந்து தண்ணீர் வடியும். எப்படி இருக்கு என்பேன். நல்லா இருக்கு என்பாள். முந்தானை மறைப்பை வெட்கம் என்று நினைத்தேன், கண்ணீரை ருசி என்று நினைத்தேன். அவள் ஒரு நாளும் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. நோன்புப் பெருநாளுக்கு நீ வந்திருந்தபோது மூவரும் ஒரே சஹனில் உட்கார்ந்தோம். அவள் அழுதுகொண்டே தின்பதைப் பார்த்து நீ சிரித்தாய், "எம்மா, பைய தின்னும்மா, ஓடியா போவுது?" என்று கேலி செய்தாய். நானும் சிரித்தேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள், வாய் இழுத்துக்கொண்டது. அதில் உன் குற்றம் எதுவுமில்லை. நீ இரண்டு நாள் விருந்தாளி. நான் கூடவே இருந்தவன்.

அந்த எட்டு மாதத்தில் அவள் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது ஒரு வாரம். அதையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளை வெறும் பரிதாபமாக மட்டும் நீ நினைப்பாய். கறுப்பு வத்தல் தீர்ந்துபோயிற்று. துருக்கிக்காரன் சொல்லிக்கொடுத்த முறையில் இங்கேயே செய்து பார்க்கலாம் என்று களக்காட்டுப் பக்கத்திலிருந்து பழுத்த மிளகாய் வாங்கிவந்தேன். பகலில் மேலே தட்டட்டியில் பரப்பிக் காயவைக்க வேண்டும், வெயில் தாழ்ந்ததும் துணியில் இறுக்கிக் கட்டி வியர்க்கவிட வேண்டும். தினமும் அப்படிச் செய்தால் சிவப்பு மெதுவாகக் கறுப்பாகும். முதல் இரண்டு கட்டும் எனக்குப் பூசணம் பிடித்துவிட்டது. மூன்றாவது கட்டை அவள் கையில் வாங்கிப் பார்த்தாள். "பீடி எலையப் பதத்துக்குக் கெட்டி வைக்கது மாதிரில்லா இருக்கு? துணியில இம்புட்டு ஈரம் ஆவாது. இங்கன தாங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். துணியை உதறிக் காயவைத்து, அழுத்தம் கொடுத்துக் கட்டி, விரலால் தொட்டுப் பார்த்தே மறுநாள் எத்தனை நாழிகை வெயில் வேண்டும் என்று சொன்னாள். ஏழாம் நாள் அது துருக்கி வத்தலைவிட நன்றாக வந்திருந்தது. பன்னிரண்டு வருடம் படித்து வந்த வித்தை என்று நான் நினைத்ததை, அவள் முறத்துக்கு முன்னால் உட்கார்ந்தே கற்றிருந்தாள். அன்று நான் அவளைப் பாராட்டினேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. தெருவில் எல்லோரிடமும் நான் செய்த வத்தல் என்றுதான் காட்டினேன்.

அதற்கடுத்த மாதம் பக்கத்து வீட்டு மைமூன் லாத்தா வந்தாள். உன் உம்மாவோடு சேர்ந்து பீடி சுற்றியவள். எனக்கும் மூத்தவள் என்பதால் நானும் லாத்தா என்றே கூப்பிடுவேன். உன் உம்மா பீடிக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தாள். லாத்தா உட்காரவில்லை, நிலைப்படியில் நின்றுகொண்டே கேட்டாள்.

"தம்பி, ஒம்ம பொண்டாட்டி வாயில ரெண்டு வெரலு நொழையுதான்னு பாத்திருக்கீரா?"

என்ன சொல்லுதீய என்று கேட்டேன்.

"நீரு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சமைச்சுப் போடுதீரு. சனிக்கெழம பூரா அவ மோரத் தொட்டு வாயில வச்சிக்கிட்டு எங்க வீட்டுச் செவத்தோரம் கெடக்கா. நாலு மாசமாப் பாத்துக்கிட்டு இருக்கேன். சொல்லாதிய லாத்தான்னு குரான் மேல சத்தியம் வாங்கிட்டா. சத்தியத்த மீறித்தான் வந்திருக்கேன். இனி அல்லாவுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன், ஒமக்கு அவ பதில் சொல்ல வேண்டாம்."

மறுநாளே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, எரிச்சல் எப்போதிலிருந்து என்று கேட்டார். அவள் என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். "இப்பந்தான், ரெண்டு வாரமா" என்றாள். டாக்டர் நம்பவில்லை. சதை எடுத்துச் சோதித்தார்கள், புற்று என்றார்கள். வத்தலால் வந்ததா என்று கேட்டேன். இல்லை, பாக்கும் புகையிலையும்தான் என்றார். ஆனால் ஆறேழு மாதம் முன்னால் வந்திருக்கலாமே என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்தால் எரிகிறது என்று சொல்ல வேண்டும். எரிகிறது என்று சொன்னால் என் சமையலை வேண்டாம் என்று சொன்னதாகும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, ஏன் மறைத்தாய் என்று அவளையே அதட்டினேன். அப்போதும் அதட்டத்தான் தெரிந்தது எனக்கு. அவள் முந்தானை மறைவிலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "பன்னெண்டு வருசம் காயிதத்துல சோறு போட்டீய. நேருல வந்து போடும்போது வேணாம்னு எப்படிச் சொல்ல?"

கரண்டு வைத்தார்கள், மருந்து கொடுத்தார்கள். உன்னிடம் வாய்ப்புண் என்று மட்டும் எழுதினோம், பரீட்சை முடியட்டும் என்று அவள்தான் சொன்னாள். கடைசி மாதத்தில் அவள் குடித்தது கஞ்சித் தண்ணீர். அதைக்கூட அவள் விழுங்குகிற பதத்தில் எனக்குக் காய்ச்ச வரவில்லை. ஒன்று கெட்டியாகும், இல்லையென்றால் சூடு கூடிவிடும். ஐந்து மேஜைக்குச் சமைத்தவன் அடுக்களையில் கரண்டியோடு நின்றேன், லாத்தா வந்து காய்ச்சிக் கொடுத்தாள். நீ வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பேச்சு நின்று மூன்று நாள் ஆகியிருந்தது. மையத்தை அடக்கத்துக்கு எடுத்த பிறகு நீ சுவரில் சாய்ந்து அழுதுகொண்டே, "உம்மா ஒங்க சாப்பாட்ட எவ்வளவு ஆசையாத் தின்னா வாப்பா" என்றாய். ஆமாம் என்றேன். எனக்கு அப்போது அது பெரிய ஆறுதலாக இருந்தது. பிறகு வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் நானே அந்தக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நிஜம் போலத் தோன்றியது. இப்போது அது கடையநல்லூர் வரைக்கும் போய்விட்டது.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மேலே ஒரு இடத்தில், அவள் ஒரு நாளும் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறேன். திரும்பப் படித்தபோது அந்த வரியை அடித்துவிடப் பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. நான் எவ்வளவு பழகிப்போய்ப் பொய் சொல்கிறேன் என்று நீயும் பார்க்க வேண்டும். அவள் சொன்னாள். மூன்றாவது மாதம், ஆட்டுக்கறி வைத்த ஒரு வெள்ளிக்கிழமை, சஹன் முன்னால் உட்கார்ந்துகொண்டு, கையை வைக்காமல் சொன்னாள்: "இன்னைக்கு எனக்குக் கஞ்சி போதும். வாயி ஒரு மாதிரி எரியுது."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கேம்புல அறுநூறு பேரு வரிசையில நின்னு வாங்கித் தின்ன சோறு. ஒனக்கு எரியுதோ? பீடித்தூள் ஏறின நாக்குக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது."

அவள் சஹனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இல்ல, சும்மாச் சொன்னேன். போடுங்க" என்றாள். அன்றைக்கு வழக்கத்தைவிட ஒரு கை அதிகமாகத் தின்றாள். லாத்தா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அந்தப் பீடித்தூளில்தான் நீ படித்தாய். அந்தப் பீடித்தூளில்தான் நான் ஊர் திரும்பும்வரை இந்த வீட்டில் உலை கொதித்தது. பணக்காரன் எங்களைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறான் என்று வாழ்நாளெல்லாம் கொதித்தவன், அந்த வார்த்தையைக் கொண்டுபோய் என் பெண்டாட்டி முகத்தில் எறிந்தேன். வத்தல் அவளைக் கொல்லவில்லை என்று டாக்டர் சொன்னார். சரி. அந்த வார்த்தைக்குப் பிறகு ஐந்து மாதம் அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த ஐந்து மாதத்துக்கு நான்தான் பொறுப்பு.

நீ நல்லவன். என்னைவிட நன்றாகப் படித்தவன். நஸீமாவை வேலைக்கு அனுப்புவேன், சமமாக நடத்துவேன் என்று எழுதியிருக்கிறாய். நானும் நல்லவன் என்றுதான் நினைத்தேன், நானும் சமமாகத்தான் நடத்தினேன். அதனால்தான் பயமாக இருக்கிறது. அடிக்கிற புருஷனிடம் ஒருத்தி வலிக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஆசையாகச் செய்து நீட்டுகிறவனிடம் சொல்ல அவளுக்கு நாக்கு வராது. நீ எதைப் பிரியமாகக் கொடுத்தாலும், அதை அவள் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு வழியைத் திறந்துவைத்துவிட்டுக் கொடு. நல்லா இருக்கு என்று சொன்னால் உடனே நம்பிவிடாதே. அவள் தனியாகத் தின்ன ஆசைப்பட்டால் தின்னட்டும். உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு கதை வேண்டும் என்று அவளை எதிரே உட்காரவைக்காதே.

வலீமாவுக்கு அந்த வத்தல் எதையும் நான் கையால் தொடமாட்டேன். உம்மா பெயரில் யாராவது ஏதாவது செய்ய வேண்டுமென்றால், மைமூன் லாத்தாவின் மருமகளுக்கு இப்போது வாய் எரிகிறதாம், இன்னும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். திங்கட்கிழமை லாத்தாவும் நானும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம். அன்றைய பீடிக் கணக்குக் குறையும் என்று கடைக்காரன் சத்தம் போட்டான், பதிலுக்கு நானும் போட்டேன்.

நான் கல்யாணத்துக்கு வருவதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய்ய வேண்டாம். நீ என் மகன், கோபம் ஆறியதும் வாருங்கள் வாப்பா என்று சொல்லிவிடுவாய். இந்தக் கடிதத்தை நஸீமாவிடம் கொடு, முழுதாகப் படிக்கட்டும், அவள் சிரித்த கதை எப்படிப்பட்டது என்று தெரியட்டும். படித்து முடித்த பிறகும் இப்படிப்பட்ட ஆள் தன் கல்யாணத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றினால், வரச் சொல்லி அவள் கையால் ஒரு வரி எழுதச் சொல், வருகிறேன். வேண்டாம் என்றால், ஏன் என்று அவளைக் கேட்காதே.